கவிழ்த்து வைத்த கோப்பை

லண்டன், ஸ்ட்ராண்ட் தெரு
12 பிப்ரவரி 1856

அன்புத் தங்கை கெதுராவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த ஆட்டிறைச்சி அப்பத்தை ரயில் டெர்பி தாண்டுவதற்குள் தீர்த்துவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த பாதிரியார் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்; ஒரு துண்டு நீட்ட மனசு வரவில்லை. உன் இருமல் தேவலையா? உன் அண்ணி அடிலெய்ட் உன்னை மிகவும் விசாரித்தாள்.

அப்பாவின் அடக்கத்துக்கு ஷெஃபீல்டே திரண்டு வந்ததை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். "ஒபதியா பிராமல் கை மாதிரி இன்னொரு கை இந்த ஊருக்கு வராது" என்று சபைப் பெரியவர் சொன்னபோது நான் விம்மி அழுதேன். நீயோ கம்பளிக் கையுறைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு கல் மாதிரி நின்றாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அழுத்தம் அதிகம்.

ஒரு யோசனை. கோடையில் நம் லண்டன் கடையில் அப்பாவின் வெள்ளி வேலைகளை எல்லாம் ஒன்றாகப் பார்வைக்கு வைக்கப் போகிறேன். வாங்கியவர்கள் இரவல் தருவார்கள். கூடவே அவர் வாழ்க்கையைச் சின்னப் புத்தகமாகப் போடுகிறேன். ஊரில் அவரோடு இருந்தவள் நீ. நினைவில் இருப்பதை எல்லாம் எழுது.

ரயில் கம்பெனி இயக்குநர்கள் கேட்ட கோப்பை பட்டறையில் பாதியில் நிற்கிறதே, அதை யாரையாவது வைத்து முடித்து, அப்பாவின் பெயர் முத்திரையை அடித்து அனுப்பிவிடு. அவருடைய கடைசி வேலை என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

உயிலைப் பற்றிக் கவலைப்படாதே. பட்டறை எனக்கு, வீடு உனக்கு. உன்னை நான் கைவிடமாட்டேன்.

ஒன்றுதான் உறுத்துகிறது. போன கிறிஸ்துமஸ் முடிந்து கிளம்பும்போது வாசலில் கையை நீட்டினேன். அப்பா கை கொடுக்கவில்லை, கோட்டுப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். நான் பட்டறையை விட்டுக் கடைக்காரனாகப் போனதை அவர் கடைசிவரை மன்னிக்கவே இல்லை போலிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அண்ணன்,
லேமுவேல்

---

ஷெஃபீல்டு
20 பிப்ரவரி

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் சுகம். இருமல் பழைய சிநேகிதி, அவளும் சுகம். அண்ணிக்கு என் அன்பு.

புத்தகத்துக்குக் கேட்டாய். திங்கட்கிழமைக் கதையைப் போடு. ஊரில் ஒரு பட்டறையும் திங்கட்கிழமை திறக்காது. சனிக்கிழமை வாங்கிய கூலி செவ்வாய்வரை தலையில் நிற்கும். அப்பா மட்டும் வருகிறேன் என்று சத்தியம் செய்தவர்களை வாசலில் நின்று எண்ணுவார். ஒரு திங்கள் மெருகுக்காரி திர்சா மட்டும் வந்திருக்கிறாள். "மத்தவங்க எங்க?" என்று கேட்டாராம். "அவங்கள்லாம் கும்பிடப் போயிருக்காங்க எசமான். பீர்ப்பீப்பாய்க்கு முன்னால மண்டி போட்டுக் கும்பிடறாங்க" என்றாளாம். அப்பா சிரித்துவிட்டு, அவளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இன்னொன்று உனக்கே தெரியும். ஞாயிறு பள்ளியில் நான் இடது கையால் எழுதுகிறேன் என்று அந்தக் கையைப் பெஞ்சுக்காலோடு சேர்த்துக் கட்டிவைத்தார்கள் அல்லவா? நீதான் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னாய். பட்டறையில் கட்டும் தோல் மேலாடையோடு அப்படியே வந்தார். ஆசிரியரைப் பார்த்து, "இந்தக் கை உங்களுக்கு வேண்டாம்னா எனக்குக் குடுத்துடுங்க, நான் வெச்சுக்கறேன்" என்றார். பள்ளி முழுக்கச் சிரித்தது. கட்டை அவிழ்த்து, திரும்பும் வழியெல்லாம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

அவர் தேநீர் குடிக்கும் விதம் பற்றி யாராவது கேட்டால், கடைசிக் காலத்தில் யார் முன்னாலும் குடிக்கமாட்டார் என்று எழுது. பின்னறைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

மற்றவை பிறகு.
உன் தங்கை,
கெதுரா

---

லண்டன்
3 மார்ச்

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை வாய்விட்டுப் படித்தேன். அடிலெய்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இங்கே மூடுபனி, எனக்கு மூட்டுவலி, மற்றபடி நலம். தேநீர் விஷயத்தையும் சேர்த்துக்கொண்டேன். பெரிய கலைஞர்களுக்கு இப்படி ஒரு தனிமை வேண்டியிருக்கிறது.

ஆனால் எனக்கு வேண்டியது கடைசிக் காலத்துக் கதைகள். ஹைட் பார்க் பொருட்காட்சியில் வைத்த அந்தப் பெரணிச் செடி இலை வடிவ வெள்ளிப் பாத்திரத்தை அந்த வயதில் எப்படி அடித்தார்? மேல்மாடிப் பட்டறையில் உன்னைத் தவிர யாரையும் விடமாட்டாராமே. கடைக்கு வருகிறவர்களுக்கு நானே ஒரு கதை சொல்லி வைத்திருக்கிறேன்: கிழவர், தனி அறை, சுத்தியல் சத்தம் மட்டும் தெருவுக்குக் கேட்கும் என்று. சீமாட்டிகளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. நீ உள்ளே இருந்தவள், உண்மையைச் சொல்.

இன்னொரு சேதி. மின்முலாம் தொழிற்சாலை வைத்திருக்கும் க்ரௌதர் என்பவர் நம் பட்டறையையும் பிராமல் என்ற பெயரையும் வாங்கக் கேட்கிறார். உனக்கும் முப்பத்தாறு வயதாகிறது. எத்தனை நாள் கரியிலும் புகையிலும் கிடப்பாய்? இங்கே வந்துவிடு. தெருவைப் பார்த்த அறை ஒன்றை அடிலெய்ட் உனக்காக ஒழித்து வைத்திருக்கிறாள்.

கோப்பை என்னாயிற்று?

அன்புடன்,
லேமுவேல்

---

ஷெஃபீல்டு
30 மார்ச்

அன்புள்ள அண்ணா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உன் மூட்டுக்கு ஆட்டுக்கம்பளித் துண்டைச் சூடாக்கிக் கட்டு.

கோப்பையை முடித்துக்கொண்டிருக்கிறேன். அதில் அப்பாவின் முத்திரை விழாது. செத்தவர் முத்திரையை அடிக்கக்கூடாது என்பது உனக்குத் தெரியாததல்ல. அடக்கம் முடிந்த மறுவாரமே அந்த முத்திரை உளியின் முனையை அரம் போட்டுத் தேய்த்துவிட்டேன். இங்கே எல்லாக் குடும்பத்திலும் செய்வதுதான்.

பட்டறை நடக்க வேண்டுமானால் முத்திரை அலுவலகத்தில் புதுப் பெயர் பதிய வேண்டும். என் பெயரைப் பதிய விரும்புகிறேன். பட்டறை உன் சொத்து, ஆகவே உன் சம்மதக் கையெழுத்து வேண்டும். க்ரௌதருக்கு விற்காதே. எனக்கு லண்டனில் அறை வேண்டாம். இந்த மேல்மாடி வேண்டும். அது போனால் எனக்கு ஒன்றுமில்லை.

பெரணிப் பாத்திரத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

கெதுரா

---

லண்டன்
4 ஏப்ரல்

கெதுராவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

யாரைக் கேட்டு அரம் போட்டாய்? ஒரு மாதம் பொறுத்திருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? அப்பா தொடங்கிய கோப்பைக்கு அப்பா முத்திரை விழுந்தால் எந்தப் பிள்ளைக்கு வலிக்கும்? இயக்குநர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

உன் பெயரைப் பதிய வேண்டுமாம். நீ கெட்டிக்காரி, இல்லை என்று சொல்லவில்லை. ஒரு உப்புக்கிண்ணம், ஒரு சர்க்கரை இடுக்கி செய்வாய். ஆனால் இந்தக் கடைக்கு வருகிறவர்கள் கேட்பது அப்பாவின் கையை. அதை உன்னாலும் கொடுக்க முடியாது, என்னாலும் முடியாது. பெயருக்கு மதிப்பு இருக்கும்போதே விற்றுவிடுவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. ஜூன் கடைசியில் க்ரௌதரோடு கையெழுத்து. இதில் பேச்சுக்கு இடமில்லை.

லேமுவேல்

---

லண்டன்
2 மே

அன்புத் தங்கைக்கு,

சுகம்தானே? பதிலே காணோம். கோபத்தில் எழுதிவிட்டேன், உனக்கு என் குணம் தெரியும். சின்ன வயதில் நான் கத்தினால் நீ திருப்பிக் கத்துவாய். இந்த மௌனம் புதிது. உடம்பு சரியில்லையோ என்று அடிலெய்ட் பயப்படுகிறாள். உனக்கு வைத்த அறையில் புதுத் திரை தைத்துப் போட்டிருக்கிறாள்.

பார்வைக்கு வைக்க அப்பாவின் பாத்திரங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கடை முழுக்க அவர் வாசனை அடிக்கிற மாதிரி இருக்கிறது. நேற்று ஒரு தேநீர்க் கெண்டியை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு வரி எழுது.

லேமுவேல்

---

ஷெஃபீல்டு
11 மே

அன்புள்ள அண்ணா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணியிடம் திரை நன்றாகத்தான் இருக்கும் என்று சொல். அந்த அறையில் வேறு யாரையாவது வைத்துக்கொள்ளச் சொல்.

உன் க்ரௌதர் வந்து பட்டறையை அளந்துவிட்டுப் போனார். மெருகு அறையில் திர்சாவிடம், "இங்க இருக்கற கருவியெல்லாம் எனக்கு வேண்டாம்மா, பேர் மட்டும் போதும்" என்றார். திர்சா கறுத்த கையை மேலாடையில் துடைத்துக்கொண்டே, "பேரை எதுல கட்டித் தரட்டும் ஐயா? காகிதத்துலயா, வைக்கோல்லயா?" என்றாள். மனிதர் அதன் பிறகு அளவுகோலை மடக்கிவிட்டார்.

கோப்பையை வைக்கோலில் கட்டி ரயிலில் அனுப்பியிருக்கிறேன். முத்திரை விழவில்லை. அடியில் அதற்கு இடம் விட்டிருக்கிறேன். யாருடையது விழ வேண்டும் என்று நீயே பார்த்து முடிவு செய்துகொள்.

கெதுரா

---

லண்டன்
25 மே

கெதுரா,

நீ சுகமாக இருக்க வேண்டும். மற்ற உபசாரமெல்லாம் இன்று எனக்கு வரவில்லை.

இன்று காலை பாத்திரங்களை வருட வாரியாக நீள மேஜையில் அடுக்கினேன். அட்டையில் முத்திரை ஆண்டைக் குறிப்பதற்காக ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். நான் கடைக்காரன்தான், ஆனால் இருபது வயதுவரை அந்தப் பட்டறையில் அடிவாங்கி வளர்ந்தவன். பாத்திரத்தின் அடிப்பாதத்துக்கு உட்புறம் மெருகு ஏறாது, சுத்தியல் போன தடம் அங்கே அப்படியே இருக்கும் என்பது எனக்கு மறக்கவில்லை. வலது கையில் சுத்தியல் பிடிக்கிறவன் தகட்டை ஒரு பக்கமாகத் திருப்பித் திருப்பி அடிப்பான். தடம் நடுவிலிருந்து அந்தப் பக்கமாகவே சுற்றிக்கொண்டு போகும். அப்பாவின் பழைய கெண்டிகள் எல்லாம் அப்படித்தான்.

மேஜையின் பாதிக்கு வந்ததும் தடம் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. பிறகு கடைசிவரை எதிர்ப்பக்கம்தான். பெரணிப் பாத்திரமும் அப்படியே. நான் சீமாட்டிகளுக்குக் கதை சொல்லி விற்ற ஒவ்வொன்றும் அப்படியே. நீ அனுப்பி இதுவரை கட்டோடு கிடந்த கோப்பையையும் பிரித்துக் கடைசியில் வைத்தேன். அதே சுற்று.

அந்த ஊரில் இடது கையால் சுத்தியல் பிடிக்கிறவர்கள் எத்தனை பேர்? எனக்கு ஒருத்தியைத்தான் தெரியும். பெஞ்சில் கட்டப்பட்டிருந்தாள்.

உப்புக்கிண்ணம் என்று எழுதினேனே. அதைப் படித்துவிட்டு நீ எப்படிச் சும்மா இருந்தாய்?

அப்பாவின் கைக்கு என்ன ஆயிற்று? அந்தக் கிறிஸ்துமஸ் அன்று வாசலில் அவர் கையை ஏன் பையிலிருந்து எடுக்கவில்லை? சொல்.

லேமுவேல்

---

ஷெஃபீல்டு
1 ஜூன்

அன்புள்ள அண்ணா,

அண்ணிக்கும் உனக்கும் என் அன்பு. நான் நலம். இந்த வாரம் நன்றாகத் தூங்கினேன்.

உன் மேல் கோபத்தால் அவர் கை கொடுக்காமல் இல்லை. அந்தக் கை நடுங்கிற்று. நீ பிடித்தால் தெரிந்துவிடும். நீ வண்டி ஏறிய பிறகு ஜன்னலை விட்டு நகரவே இல்லை. "பய என்னைத் தப்பா நெனச்சுக்கிட்டுப் போறான்" என்றார். "கூப்பிட்டுச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம், கடைல நின்னு என் பேரைச் சொல்லி விக்கறவன். அவனுக்குத் தெரியாம இருந்தாத்தான் பொய் இல்லாம விப்பான்" என்றார். அதனால்தான் நான் உனக்குச் சொல்லவில்லை.

வாலிபத்தில் பொன்முலாம் பூசுகிற அடுப்பில் பாதரசப் புகையை விழுங்கினார் அல்லவா? மின்சாரத்தால் முலாம் பூசும் தொட்டி வந்து அந்த வேலை ஒழிந்தது, புகை மட்டும் அவர் உடம்பிலேயே தங்கிவிட்டது. முதலில் தேநீர்க் கோப்பை தட்டில் கிடுகிடுத்தது. பிறகு சுத்தியல். ஒரு நாள் சுத்தியலை என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். பள்ளியில் வேடிக்கையாகக் கேட்ட கையை அன்றைக்குத்தான் எடுத்துக்கொண்டார்.

ஆரம்பத்தில் அவரைப் போலவே அடிக்கப் பார்த்தேன், வலது கையாலும் முயன்றேன். வெள்ளி கிழிந்தது. "என்னை மாதிரி எதுக்கு அடிக்கற? உன்னை மாதிரி அடி" என்றார். பிறகு தினமும் எனக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பார்க்கவே மாட்டார். சத்தத்தை மட்டும் கேட்பார். "ம்… அந்த இடம் மெலிசாயிடுச்சு, தள்ளிப் போ" என்பார். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. பெரணிப் பாத்திரம் முடிந்த அன்று எழுந்து வந்து, இரண்டு கையாலும் தடவிப் பார்த்து, "இது உன்னுது கெதுரா" என்றார்.

மேல்மாடியில் சொன்னார். படி இறங்கியதும் மறந்துவிட்டார். சபையில், தெருவில், பொருட்காட்சிக்காரர்கள் முன்னால், எங்கேயும் அந்த வார்த்தை அவர் வாயில் வரவில்லை. திர்சாவுக்குத் தெரியும், வேலைக்காரர்களுக்குத் தெரியும். யாருடைய கை செய்தாலும் முதலாளியின் முத்திரைதான் விழும், அதுதான் தொழில் வழக்கம் என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சட்டப்படி அதில் குற்றமும் இல்லை.

ஆனால் எனக்குக் கோபம், அண்ணா. அடக்கத்தன்று அவர் கையை ஊரே புகழ்ந்தபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கையுறைக்குள் என் கை இரண்டையும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன். அவரை அவ்வளவு நேசித்தேன். அவ்வளவு கோபமும் இருந்தது. இன்றும் இரண்டும் இருக்கின்றன.

கோப்பையை உனக்கு அனுப்பியபோது, நீ கவிழ்த்துப் பார்ப்பாயா என்றுதான் பார்த்தேன்.

உன் புத்தகத்தில் அந்த வருடங்களுக்கு என்ன எழுதுவது என்று கேட்பாய். கேட்டுக்கொண்டிருந்தார் என்று எழுது. அது உண்மை.

உன் தங்கை,
கெதுரா

---

லண்டன்
27 ஜூன்

அன்புள்ள கெதுராவுக்கு,

நலம் என்று எழுத இப்போதுதான் கை வருகிறது. உன் கடிதத்தை அடிலெய்டிடம் கொடுத்தேன். படித்துவிட்டு என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. "உப்புக்கிண்ணமா?" என்று மட்டும் கேட்டாள்.

சம்மதக் கையெழுத்து இதோடு இருக்கிறது. முத்திரை உன் பெயரில், பட்டறையும் உன் பெயரில். வக்கீல் தனியாக எழுதுவார். க்ரௌதரிடம் சொல்லிவிட்டேன். "ஒரு பொம்பளைக்காகவா இத்தனையும் விட்டுத் தர்றீங்க?" என்றார். "இத்தனை நாளும் நீங்க வாங்க வந்தது அந்தப் பொம்பளையோட பேரைத்தான் ஐயா" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

கோப்பையையும் திருப்பி அனுப்புகிறேன். முத்திரையை நீயே அடி.

இயக்குநர்களிடமும் போய் உண்மையைச் சொன்னேன். நல்லபடியாக முடியவில்லை. நாங்கள் ஒபதியா பிராமலைத்தான் கேட்டோம் என்று எழுந்துவிட்டார்கள். கோப்பை இப்போது யாருக்கும் இல்லை. இரவல் கொடுத்தவர்களிலும் சிலர் பாத்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு சீமாட்டி மட்டும் தன் கெண்டியை அங்கேயே கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "அப்போ இது அவளோடதா?" என்று கேட்டு, முன்னைவிடப் பத்திரமாகத் துணியில் சுற்றிக்கொண்டார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
லேமுவேல்

---

ஷெஃபீல்டு
19 ஜூலை

அன்புள்ள அண்ணா,

அண்ணிக்கு என் முத்தம். அவள் பேசாமல் இருந்ததற்குத் தனியாக இன்னொன்று.

இந்த வாரத் தொடக்கத்தில் முத்திரை அடித்தேன். கே. பி. கீழே திர்சா எல்லோரையும் நிறுத்தி வைத்திருந்தாள், திங்கட்கிழமையாக இருந்தும் ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். ஒரே அடிதான் அடிக்க வேண்டும். அடித்துவிட்டு, பழக்கத்தில், சுவர்ப்பக்கம் திரும்பிக் காத்திருந்தேன். யாரும் "ம்" என்று சொல்லவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அடக்கத்தன்று அழாததையும் சேர்த்து.

அலுவலகத்தில் தரம் பார்த்துச் சிங்கமும் கிரீடமும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கோப்பை மறுபடி உனக்கு வருகிறது. விற்க முடிந்தால் விற்றுவிடு.

கெதுரா

---

லண்டன்
8 நவம்பர்

அன்புள்ள கெதுராவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். குளிர் தொடங்கிவிட்டது, உன் நெஞ்சுக்குச் சூடாக ஏதாவது போட்டுக்கொள். புத்தகம் அச்சாகிவிட்டது. நீ சொன்ன வரியை அப்படியே போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே உன் பெயரும் இருக்கிறது.

கோப்பையை நான் விற்கவில்லை. விற்கப்போவதும் இல்லை. கடையின் முன் ஜன்னலில், தெருவைப் பார்த்தபடி, கவிழ்த்து வைத்திருக்கிறேன். அடி மேலே இருக்கிறது. விளக்கு வெளிச்சம் பட்டால் உன் சுத்தியல் போன வழி நடுவிலிருந்து சுற்றிக்கொண்டு வருவது எதிர்ச்சாரியில் நிற்கிறவனுக்கும் தெரியும். தினமும் யாராவது ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "ஐயா, உங்க கோப்பை கவுந்து கெடக்கு" என்று அக்கறையாகச் சொல்கிறார். "இல்லீங்க, அது அப்படித்தான் நிக்கணும்" என்கிறேன். ஏன் என்று கேட்பவர்களை உட்காரவைத்துச் சொல்கிறேன். முந்தைய கதையைவிட இது நீளம். ஆனாலும் யாரும் பாதியில் எழுந்து போனதில்லை.

கிறிஸ்துமஸுக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். ஆட்டிறைச்சி அப்பம் இரண்டாகச் செய், இந்த முறை பாதிரியாருக்கும் வேண்டும். வண்டி வந்து நிற்கும்போது வாசலில் நில். நான் கையை நீட்டுவேன்.

நீ இடது கையைக் கொடு.

என்றும் உன் அண்ணன்,
லேமுவேல்